ஒட்டிய கட்டையும் ஒட்டாத கட்டையும்: பில்லுண்ட் ஊரின் இரண்டு லெகோ காட்சியிடங்கள்

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தில் பில்லுண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏழாயிரத்தை ஒட்டியது. ஊருக்கு ரயில் கிடையாது. இருந்த ஒரே பாதையும் 1957-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நாட்டின் இரண்டாவது பெரிய விமான நிலையம் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், பொம்மைக் கட்டைகள் செய்யும் லெகோ நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்குப் போட்ட ஓடுதளம் வளர்ந்து விமான நிலையமானது. ஒரு விளையாட்டுப் பொருள் ஓர் ஊரை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த ஊரில் லெகோ கட்டைகளைப் பார்வையாளருக்குக் காட்டவென்றே இரண்டு இடங்கள் உள்ளன. 1968-இல் திறந்த லெகோலேண்ட் பூங்கா ஒன்று. 2017-இல் திறந்த லெகோ ஹவுஸ் மற்றொன்று. ஒரே ஊர், ஒரே கட்டை, ஒரே குடும்பத்தின் முயற்சி, நடுவே 49 ஆண்டுகள். ஆனாலும் ‘உள்ளே வருபவர் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கேள்விக்கு இரண்டும் சொல்லும் பதில்கள் நேர் எதிரானவை. பொம்மைக் கட்டைகளை வைத்துக் காட்சி நடத்த நினைக்கும் எவரும் முதலில் ஆராய வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொழிற்சாலைக்கு வந்த கூட்டம்

பில்லுண்டில் தச்சுப்பட்டறை வைத்திருந்த ஒலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய மகன் கோட்ஃபிரெட் காலத்தில் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. இன்று நாம் அறிந்த வடிவம் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள்; குழாய்கள் குமிழ்களைக் கவ்விக்கொள்வதால் கட்டை நழுவாது, அதேசமயம் குழந்தை இழுத்தால் கழன்றுவரும். இந்தக் கவ்வும் கழலும் குணம்தான் லெகோவின் உயிர். அன்று செய்த கட்டை இன்று செய்த கட்டையோடும் பொருந்துகிறது.

1960-களில் நிறுவனத்துக்கு ஓர் இனிய தொல்லை வந்தது. கடைகளின் காட்சி அலமாரிகளுக்கும் பொம்மைச் சந்தைகளுக்கும் அனுப்புவதற்காகத் தொழிற்சாலையில் பெரிய மாதிரிகளைக் கட்டிவந்தார்கள். அவற்றைப் பார்க்க ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் வரத் தொடங்கினார்கள். வேலை நடக்கும் இடத்தில் கூட்டம் நடமாடினால் உற்பத்தி தடைப்படாமல் இருக்குமா? ஆட்களைத் திருப்பி அனுப்புவதைவிட மாதிரிகளை வெளியே கொண்டுபோய் ஒரு தோட்டத்தில் வைத்துவிடலாம் என்று கோட்ஃபிரெட் எண்ணினார். எண்ணம் வளர்ந்து பூங்காவானது. கடை ஜன்னல்களை அலங்கரிப்பதில் பேர்பெற்ற ஆர்னால்ட் பௌட்ரப் பூங்காவின் அமைப்புப் பொறுப்பை ஏற்றார். 1968 ஜூன் 7 அன்று லெகோலேண்ட் திறந்தது. முதல் பருவத்திலேயே 6,25,000 பேர் வந்தார்கள்.

அந்தக் கூட்டம் பார்க்க வந்தது பெரும்பாலும் டாக்னி ஹோல்ம் என்ற பெண்மணியின் கைவேலையை. கிறிஸ்டியான்சன் குடும்பத்தின் உறவினரான அவர் களிமண்ணில் சிற்பம் பயின்றவர். நாற்பதைத் தாண்டிய வயதில் லெகோவுக்கு வந்து தலைமை வடிவமைப்பாளராக உயர்ந்தார். அன்று கிடைத்த கட்டை வகைகள் மிகக் குறைவு. பெரும்பாலும் நேர்கோடுகளும் செங்கோணங்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டு கூரைச் சரிவையும் படகின் வளைவையும் விலங்கின் முதுகையும் அவர் உருவாக்கினார். இன்று ஆயிரக்கணக்கான வகைக் கட்டைகள் இருக்கின்றன. இருந்தும் டாக்னியின் எளிமை பலருக்கு வாய்ப்பதில்லை. லெகோ வரலாற்றில் முதலாளிகளின் பெயர்கள் சொல்லப்படும் அளவுக்கு இவருடைய பெயர் சொல்லப்படாதது எனக்கு வருத்தம்.

பூங்காவின் இதயம், ஊர்களைக் கட்டைகளால் சிறிதாக்கிக் காட்டும் மினிலேண்ட். அங்கே பெரும்பாலானவை இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்டவை. அதாவது எட்டு மீட்டர் உயரமுள்ள மாடிவீடு அங்கே 40 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆள் எட்டரை சென்டிமீட்டர். ஐந்து வயதுக் குழந்தை நின்றபடியே ஒரு துறைமுகம் முழுவதையும் கண்ணால் அளந்துவிடலாம். வீட்டில் எப்போதும் பெரியவர்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய குழந்தைக்கு, ஒரு நகரம் தன் முழங்காலுக்குக் கீழே விரிந்து கிடப்பது சாதாரண மகிழ்ச்சி அல்ல.

ஆனால் அந்த வீட்டின் கூரையைக் கழற்றிப் பார்க்க முடியாது. கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டவை. பெரியவற்றுக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது. காற்று, மழை, வெயில் மூன்றையும் தாங்க வேண்டிய திறந்தவெளிக் காட்சிக்கு வேறு வழியில்லை. இன்னொரு சூழ்நிலையும் கைகொடுத்தது. தொடக்கக்காலக் கட்டைகளுக்குப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொள்ளும், நிறம் மங்கும். 1963-இல் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு நிறுவனம் மாறியது. அந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் திறந்தவெளிப் பூங்கா ஓரிரு பருவங்களுக்கு மேல் நின்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆக, பிரித்துப் பிரித்துக் கட்டுவதற்கென்றே பிறந்த ஒரு பொருள், பிரிக்கவே முடியாத வடிவில் பார்வைக்கு வைக்கப்பட்டது. கொலு பார்க்கப் போன குழந்தையைப் போல வருபவர் வேலிக்கு வெளியே நின்று வியந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வியப்பு உண்மையானதுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஆண்டிலேயே பூங்காவில் வைத்த போக்குவரத்துப் பள்ளியைக் கவனியுங்கள். குழந்தைகள் சிறிய மின்கார்களைத் தாங்களே ஓட்டி, சிக்னலுக்கு நின்று, முடிவில் ஓட்டுநர் உரிமம் பெற்றுக்கொள்ளும் இடம் அது. பார்ப்பது மட்டும் போதாது, பிள்ளைகளின் கைக்கும் வேலை வேண்டும் என்பதைப் பூங்காவை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அந்த வேலையைக் கட்டைகளில் கொடுக்காமல் காரில் கொடுத்தார்கள்.

பசையோடு உலகம் சுற்றிய மாதிரி

இந்த அமைப்பு பிறகு உலகெங்கும் பரவியது. 1996-இல் இங்கிலாந்தின் வின்ட்சர், 1999-இல் கலிபோர்னியா, 2002-இல் ஜெர்மனியின் குன்ஸ்பர்க். நம்மவர்களுக்கு மிகவும் பழக்கமானது 2012 செப்டம்பரில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் திறந்த லெகோலேண்ட். ஆசியாவின் முதல் லெகோலேண்ட் அது. ஜொகூர் பாருவிலிருந்தும் இரண்டாம் இணைப்புப் பாலம் கடந்து சிங்கப்பூரிலிருந்தும் பள்ளி விடுமுறையில் தமிழ்க் குடும்பங்கள் அங்கே போவது இயல்பாகிவிட்டது. அங்குள்ள மினிலேண்டில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரமும் தாஜ்மகாலும் நிற்கின்றன. வேலைப்பாடு நேர்த்தியானது. பூமத்தியரேகைக்குப் பக்கத்து வெயில்தான் பார்வையாளரை நிற்க விடாமல் விரட்டுகிறது. டென்மார்க்கின் மிதமான கோடைக்காக வகுத்த திட்டத்தை அப்படியே வேறொரு தட்பவெப்பத்துக்கு எடுத்துச் செல்வதில் உள்ள இடர் இது.

கலைக்கூடங்களுக்குள்ளும் இதே பசை போனது. வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு லெகோ சிற்பியான அமெரிக்கர் நேத்தன் சவாயாவின் கண்காட்சி 2007-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறது. தன் மார்பைத் தானே பிளந்து கட்டைகளைக் கொட்டும் மஞ்சள் மனித உருவத்தைப் படமாகவாவது பலர் பார்த்திருப்பார்கள். அவரும் ஒவ்வொரு கட்டையையும் ஒட்டியே கட்டுகிறார். ஊர் ஊராகப் பெட்டியில் பயணம் செய்யும் சிற்பத்துக்கு அது தேவைதான்.

எதிர்த்திசையில் நடந்தவர் ஓலாஃபர் எலியாசன். டேனிஷ்-ஐஸ்லாந்தியக் கலைஞரான இவர் 2005-இல் அல்பேனியாவின் தலைநகர் டிரானாவில் ஒரு பொதுச்சதுக்கத்தில் மூன்று டன் வெள்ளை லெகோ கட்டைகளை மேசைகளில் கொட்டிவைத்து, வழிப்போக்கர்களையே ஒரு நகரத்தைக் கட்டச் சொன்னார். பசை இல்லை, வரைபடம் இல்லை, வேலி இல்லை. ஒருவர் கட்டிய கோபுரத்தை அடுத்தவர் நீட்டலாம், இடிக்கலாம். நீண்ட சர்வாதிகாரத்திலிருந்து வெளிவந்து தன் நகரத்தைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்த மக்களிடம் அந்த மேசைகள் போய்ச் சேர்ந்தன. கட்டை கட்டையாகவே இருந்துகொண்டு காட்சிப்பொருளாகவும் ஆக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன். 2015-இல் நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவிலும் இது நடந்தது.

பூங்கா கைமாறியது

2003, 2004 ஆண்டுகளில் லெகோ நிறுவனம் பெரும் நட்டத்தில் சிக்கியது. கட்டையை மறந்து கண்டதிலெல்லாம் கால் வைத்ததன் விளைவு அது. பூங்காக்களும் பாரமாகவே பார்க்கப்பட்டன. 2005-இல் அவை விற்கப்பட்டு மெர்லின் நிறுவனத்தின் கைக்குப் போயின. உரிமையாளர் குடும்பம் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. அதன்பின் லெகோலேண்ட் என்பது முதன்மையாகப் பொழுதுபோக்குத் தொழில் தெரிந்தவர்கள் நடத்தும் இடம். ராட்டினங்களும் வேக ரயில்களும் கூடியதில் வியப்பில்லை. அவர்கள் தொழில் அது.

ஆனால் நிறுவனத்துக்கென்று பார்வையாளரை அழைத்து உட்கார வைக்க ஒரு வீடு இல்லாமல் போயிற்று. நிறுவனத்தின் பழைய கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருந்தாலும் அது ஊழியர்களுக்கானது. பொதுமக்கள் நினைத்தபோது நுழைய முடியாது. பில்லுண்டுக்கு யாத்திரை போல வந்த ரசிகர்கள் லெகோவின் வரலாற்றைக் கண்ணால் காணாமலே திரும்பினார்கள். லெகோ ஹவுஸ் எழுந்த பின்னணி இது. நிறுவனரின் பேரன் கெல்ட் கிர்க் கிறிஸ்டியான்சன் அதில் தனிப்பட்ட அக்கறை காட்டினார்.

வீடு

ஊரின் நடுவே, முன்பு நகராட்சி அலுவலகம் இருந்த இடத்தில், கட்டடக் கலைஞர் பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனம் லெகோ ஹவுஸை வடிவமைத்தது. 2017 செப்டம்பர் 28 அன்று திறப்பு. 12,000 சதுர மீட்டர் பரப்பு, 23 மீட்டர் உயரம். 21 வெள்ளைப் பெட்டிகளைக் குழந்தை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற தோற்றம். உச்சியில் உள்ள பெட்டி எட்டுக் குமிழ் கொண்ட கட்டையைப் போன்றது; வானத்திலிருந்து பார்த்தால் குமிழாகத் தெரிபவை உள்ளே வெளிச்சம் இறக்கும் எட்டு வட்டச் சாளரங்கள்.

கட்டடத்தில் என்னைக் கவர்ந்தது வடிவத்தைவிட ஒரு முடிவு. பெட்டிகளுக்கு அடியில் உள்ள சுமார் 2,000 சதுர மீட்டர் சதுக்கத்துக்கு டிக்கெட் தேவையில்லை. ஊர்க்காரர்கள் குறுக்கே நடந்து போகலாம். வெளிப்படிகள் வழியாக மொட்டைமாடிகளுக்கு ஏறி அங்குள்ள விளையாட்டுத் திடல்களில் பிள்ளைகளை விடலாம். பணம் கொடுத்தவருக்கு மட்டுமே கதவு திறக்கும் ஒரு கோட்டையை ஊரின் நட்டநடுவில் கட்டாமல் விட்டார்களே, அதற்கே பாராட்டலாம். நகராட்சி அலுவலகம் இருந்த மண் பொது இடமாகவே தொடர்கிறது.

உள்ளே மொத்தம் இரண்டரைக் கோடி கட்டைகள். படிக்கட்டைச் சுற்றி 15 மீட்டருக்கு மேல் எழும் மரம் ஒன்று மட்டும் 63,16,611 கட்டைகளால் ஆனது. அதன் உச்சியில் பாரந்தூக்கிகள் நிற்கின்றன. மரம் இன்னும் கட்டி முடியவில்லை என்பது பொருள். ஆனால் தொடமுடியாத இத்தகைய காட்சிகள் இங்கே சிறுபான்மை. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு பகுதிகள். படைப்பு, அறிவு, கூட்டுறவு, உணர்வு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அந்தக் கல்விக் கோட்பாட்டு முத்திரைகள் பெற்றோருக்கும் நிர்வாகிகளுக்கும் பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு அவை ஒரு பொருட்டல்ல. அவர்கள் கண்ணில் படுவது உயரத்திலிருந்து அருவியாக இறங்கும் கட்டைகளும் அதன் அடியில் குவிந்து கிடக்கும் குவியலும்தான். குவியலில் கைவிட்டால் எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை.

மஞ்சள் பகுதியில் உள்ள மீன்தொட்டியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேசையில் கட்டைகள் இருக்கின்றன. குழந்தை உட்கார்ந்து ஒரு மீனைக் கட்டுகிறது. வால் கோணலாக இருக்கலாம், இரண்டு தலை இருக்கலாம், யாரும் திருத்துவதில்லை. கட்டிய மீனை ஒரு ஸ்கேன் கருவியில் வைத்து, கண்ணையும் வாயையும் திரையில் பொருத்தினால், அதே மீன், அதே கோணல் வாலோடு, சுவர் அளவான திரைத்தொட்டிக்குள் பாய்ந்து நீந்தத் தொடங்குகிறது. அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்த முன்பின் அறியாத பிள்ளைகளின் மீன்களும் அங்கே நீந்துகின்றன. திரையைக் கட்டைக்குப் போட்டியாக வைக்காமல் கட்டைக்குப் பணிவிடை செய்ய வைத்திருக்கிறார்கள். பல அருங்காட்சியகங்களில் தொடுதிரைகள் தனியே மினுக்கிக்கொண்டிருக்க, காட்சிப்பொருள் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும். இங்கே கையால் கட்டாத எதுவும் திரையில் வராது.

கட்டிய மீனை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பிரித்துத் திரும்பப் போட வேண்டும். அழுகை வரும் இடம் இது என்பதை அமைப்பாளர்கள் முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்கள். நுழையும்போது மணிக்கட்டில் கட்டும் பட்டையைக் கருவிகளில் காட்டினால் படைப்பின் படம் பதிவாகி, பின்னர் செயலியில் கிடைக்கும். கட்டை அடுத்த குழந்தைக்கு, படம் கட்டிய குழந்தைக்கு.

உணவகத்திலும் இதே தருக்கம்தான். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு கட்டை. வேண்டியவற்றைப் பொருத்திக் கருவியில் செருகினால் சமையலறைக்கு ஆர்டர் போய்விடும். உணவுப்பெட்டி சுருள்பாதையில் இறங்கிவர, இரண்டு ரோபோக்கள் எடுத்துக் கொடுக்கின்றன. சற்று விளையாட்டுத்தனம்தான். ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை.

ஆறு கட்டைகள்

லெகோ ஹவுஸில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கட்டைகளை வார்க்கும் இயந்திரத்தைத்தான் சொல்வேன். தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற ஓர் இயந்திரம் பார்வையாளர் கண்ணெதிரே இயங்குகிறது. பிளாஸ்டிக் மணிகள் சுமார் 230 டிகிரி வெப்பத்தில் உருகி, மிகுந்த அழுத்தத்தில் அச்சுக்குள் பாய்ந்து, சில நொடிகளில் ஆறி, எட்டுக் குமிழ் கொண்ட சிவப்புக் கட்டைகளாக விழுகின்றன. அவற்றில் ஆறு ஒரு பையில் அடைபட்டு ஒவ்வொரு பார்வையாளருக்கும் கிடைக்கிறது. கூடவே ஓர் அட்டை: அந்த ஆறு கட்டைகளைப் பொருத்தும் ஒரு தனிப்பட்ட முறை அதில் அச்சாகியிருக்கும், அவருக்கு மட்டுமே உரியதாக.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி முறையை எப்படிக் கொடுக்க முடிகிறது? எண்ணைப் பாருங்கள். எட்டுக் குமிழ் கட்டைகள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று என்றால் 1,060. ஆறு என்றால் 91,51,03,765. நிறுவனம் 1974-இல் வெளியிட்ட எண் 10,29,81,500; அது ஆறு கட்டைகளும் ஆறு அடுக்காக நிற்கும் கோபுரங்களை மட்டுமே கணக்கில் கொண்டது. ஓர் அடுக்கில் இரண்டு மூன்று கட்டைகள் வரும் அமைப்புகளையும் சேர்த்துக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ணச் செய்தபோதுதான் முழு எண் கிடைத்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வந்தாலும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு அட்டைகள் தீராது.

1960-களில் பார்வையாளர்கள் வந்து தடுத்த அதே தொழிற்சாலை வேலையைத்தான் இந்த இயந்திரம் காட்டுகிறது. அன்று அவர்களை வெளியே தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்று இயந்திரத்தையே அவர்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் பெட்டியோடு வருவது, படத்தில் உள்ளதை அப்படியே கட்டு என்ற வழிமுறைப் புத்தகம். இந்த அட்டையோ, இது உன்னுடையது, மீதித் தொண்ணூற்றொரு கோடியையும் நீயே தேடு என்கிறது.

குறை

கீழ்த்தளத்தில் வரலாற்றுத் தொகுப்பு இருக்கிறது. மரவாத்து முதல் இன்றுவரை. கோட்ஃபிரெட் சிறுவனாக இருந்தபோது வாத்துகளுக்கு ஒரு பூச்சு வார்னிஷைக் குறைத்து மிச்சம் பிடித்ததும், தந்தை அவற்றை ரயில் நிலையத்திலிருந்து மீட்டுவந்து திரும்பப் பூசச் சொன்னதும் குடும்பக் கதை. நல்ல கதை. ஆனால் ஒரு நிறுவனம் தன் வரலாற்றைத் தானே சொல்லும்போது பார்வையாளர் கூடுதல் விழிப்போடு இருக்க வேண்டும். 1949-இல் வந்த முதல் லெகோ கட்டை, இங்கிலாந்தின் ஹிலரி ஃபிஷர் பேஜ் உருவாக்கிய கிடிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்யப்பட்டது. பேஜ் 1957-இல் இறந்தார். அந்தக் கட்டையின் உரிமைகளை லெகோ 1981-இல்தான் விலைக்கு வாங்கியது. நிறுவனமே இதை மறைப்பதில்லை. அடியில் குழாய் வைத்த 1958-இன் கண்டுபிடிப்பு லெகோவினுடையது என்பதும் ஐயமற்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு. டாக்னி ஹோல்முக்கும் பேஜுக்கும் தனித்தனி அறை இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தை நான் விரும்புவேன். அதை இந்த நிறுவனத்துக்கு வெளியே யாராவதுதான் அமைக்க வேண்டியிருக்கும்.

வீடு என்று பெயர் வைத்தாலும் இது பெரும் விளம்பரமும்தான். வெளியேறும் வழியில் கடை இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தக் கடையில் ஒன்றும் வாங்காத குழந்தையின் பையிலும் ஆறு கட்டைகள் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உச்சிப் பெட்டியில், எட்டு வட்டச் சாளரங்களின் கீழே, மாஸ்டர்பீஸ் கேலரி. மூன்று டைனோசர்கள் அங்கே நிற்கின்றன: ஒன்று சிறு பிள்ளைகளுக்கான பெரிய டூப்ளோ கட்டைகளால், இன்னொன்று சாதாரணக் கட்டைகளால், மூன்றாவது இயந்திரப் பாகங்கள் போன்ற டெக்னிக் உதிரிகளால். சுற்றிலும் பல நாட்டு ரசிகர்களின் படைப்புகள். இவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். வேலை முடிந்து வீடு திரும்பியபின் இரவுகளில் கட்டுபவர்கள். கட்டடத்தின் மிக உயரமான, மிக வெளிச்சமான அறையை நிறுவனம் தன் சொந்தச் சாதனைக்கு வைத்துக்கொள்ளாமல் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. காட்சி ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய படைப்புகள் கட்டியவர்களிடம் திரும்பிப் போகின்றன, புதியவர்கள் தங்கள் பெட்டிகளோடு பில்லுண்டுக்கு வருகிறார்கள்.